அத்தை வீட்டுப் பிள்ளை

குழந்தைக்குக் காது கேட்காது என்று டாக்டர் சொன்னபோது அந்த அறையில் கலங்காமல் இருந்தவள் பாஞ்சாலி ஒருத்திதான்.

கூட வந்திருந்த நாத்தனார் கலைமணி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். கணவன் மாது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். பாஞ்சாலிக்கு இது புதுச் செய்தியே இல்லை. அவளுக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. மாதுவுக்கும் அப்படித்தான். குழந்தை தவழ ஆரம்பித்தபோதே அவள் வீட்டில் சோதித்துப் பார்த்துவிட்டாள். பின்னால் நின்றுகொண்டு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் ஓங்கித் தட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள். குழந்தை தன் கால் கட்டைவிரலைப் பிடித்து இழுப்பதிலேயே கவனமாக இருந்தது.

அப்போது அவளுக்கு வந்தது வருத்தம் இல்லை. வெளியில் சொன்னால் அடிக்க வருவார்கள், அவளுக்கு வந்தது ஒரு நிம்மதி. இவள் என்னைப் போல. இவளோடு நான் பேசலாம்.

அந்த நிம்மதி புரிய வேண்டுமானால் பாஞ்சாலி வளர்ந்த விதம் தெரிய வேண்டும். பாப்பாரப்பட்டியிலிருந்து உள்ளே போகும் ஒரு சின்ன ஊர். அப்பா நஞ்சப்பனுக்கு ராகியும் நிலக்கடலையும் விளையும் கொஞ்சம் நிலம். ஏழு வயது வரைக்கும் அந்த வீட்டில் யாரும் அவளோடு பேசியதில்லை. சோறு போட்டார்கள், தலை வாரிவிட்டார்கள், காய்ச்சல் என்றால் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் ‘நாளைக்கு’ என்பதை அவளுக்குச் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வழி தெரியவில்லை. பாட்டன் செத்துப்போனபோது அவரை எங்கே தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. ரொம்ப நாள் மோட்டார் கொட்டகைப் பக்கம் போய் அவரைத் தேடிக்கொண்டிருந்தாள். தனக்கு ஒரு பெயர் இருப்பதுகூட அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதன்பிறகு வெளி மாவட்டத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்றில் நஞ்சப்பன் கொண்டுபோய் விட்டார். வகுப்பில் வாயசைவைப் பார்த்துப் படிக்கச் சொன்னார்கள். அது அவளுக்கு அரைகுறையாகத்தான் வந்தது. வகுப்பு முடிந்து விடுதிக்கு வந்தால் பிள்ளைகள் அத்தனை பேரும் கையால் பேசினார்கள். சாப்பிடும்போதும் பேசினார்கள், துணி துவைக்கும்போதும் பேசினார்கள். சில மாதங்களில் பாஞ்சாலிக்கும் எல்லாம் வந்துவிட்டது. நேற்று வந்தது, நாளை வந்தது. பாட்டன் செத்துப்போய்விட்டார் என்பதும் அப்போதுதான் வந்தது. அதற்கு அவள் அங்கே உட்கார்ந்து அழுதாள்.

அதே பள்ளியில் இரண்டு வகுப்பு மேலே படித்தவன் மாது. கடத்தூர்க்காரன். வளர்ந்தபின் இரண்டு வீட்டாரும் பேசிக் கல்யாணம் செய்து வைத்தார்கள். பாப்பாரப்பட்டியில் ஒரு கிரில் பட்டறையில் மாது வெல்டிங் வேலை பார்த்தான். பாஞ்சாலி வீட்டில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்தாள். சாயங்காலம் அவன் வந்ததும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் நேரம் போவது தெரியாது. கரண்ட் போனால் பேச்சு நின்றுவிடும். அதற்காகவே மாது ஒரு சார்ஜர் விளக்கு வாங்கி வைத்திருந்தான்.

குழந்தைக்கு இளமதி என்று பெயர் வைத்தது கலைமணி. அவள் மாதுவின் அக்கா. தருமபுரியில் ஒரு பள்ளியின் அலுவலகத்தில் வேலை. தம்பிக்காகச் சின்ன வயதிலிருந்தே தானாக ஒரு கைஜாடை உண்டாக்கிக்கொண்டவள், அந்தக் குடும்பத்தில் அவனோடு பேசத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். இளமதி என்ற பெயரை அம்மாவும் அப்பாவும் கூப்பிட முடியாது. அதனால் அவர்கள் தனியாக ஒரு பெயர் வைத்தார்கள். குழந்தைக்கு இடது கன்னத்தில் குழி விழும். ஒரு விரலால் இடது கன்னத்தைத் தொட்டால் அதுதான் அவள்.

குழந்தை சீக்கிரமே பேச ஆரம்பித்தது. கையை மூடி மூடித் திறந்தால் பால். விரலை மேலே சுழற்றினால் மின்விசிறி. நடக்கத் தொடங்குவதற்குள்ளேயே பூனை வந்தது, பூனை போய்விட்டது, பூனை எங்கே என்று கேட்கத் தெரிந்துவிட்டது. வயல் வேலைக்குப் போகும் பெண்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அய்யோ பாவம், இதுவும் ஊமையாட்டமே இருக்குதே" என்பார்கள். பாஞ்சாலிக்கு அது கேட்காது. அவள் அவர்களைப் பார்த்துச் சிரிப்பாள்.

இளமதிக்கு இரண்டரை வயது இருக்கும்போது கலைமணி ஒரு செய்தியோடு வந்தாள். காதுக்குப் பின்னால் ஆபரேஷன் செய்து உள்ளே ஒரு கருவியை வைக்கிறார்கள், வெளியே ஒரு மெஷின், அது காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். காக்ளியர் என்று பெயர். பிறவியில் கேட்காத பிள்ளைக்கும் கேட்கும். அரசாங்கக் காப்பீட்டிலேயே செய்து தருகிறார்கள், ஆனால் சின்ன வயதிலேயே செய்ய வேண்டும். இதையெல்லாம் அவள் தம்பிக்குக் கையாலும் முகத்தாலும் விளக்கி முடித்தபோது அவளுக்கு வியர்த்துவிட்டது.

மாது உடனே சரி என்றான். பாஞ்சாலி வேண்டாம் என்றாள். அவர்கள் இருவருக்கும் நடந்த பெரிய சண்டை அதுதான். கையால் பேசியதை வாய்ப்பேச்சாக எழுதினால் இப்படி வரும்.

"அவளுக்கு என்ன குறை? பேசறா. சிரிக்கிறா" என்றாள் பாஞ்சாலி.

"யார்கிட்டப் பேசறா? உன்கிட்ட, என்கிட்ட. நாம செத்துட்டா?"

"பள்ளிக்கூடம் இருக்கு. நம்ம மாதிரி ஆளுங்க இருக்காங்க."

மாது சட்டைக் கையை மேலே தூக்கி முழங்கைக்குப் பக்கத்தில் இருந்த தழும்புகளைக் காட்டினான். "பட்டறையில் என்னைக் கூப்பிட இரும்புத் துண்டு எடுத்து எறியறான். இத்தனை வருஷமா எறியறான். நாளைக்கு அவ மேலயும் ஒருத்தன் எறிவான். வழி இருந்தும் ஏன் செய்யலன்னு அவ நம்மளக் கேப்பா. நீ என்ன சொல்லுவ?"

பாஞ்சாலியின் கை மடியில் இறங்கிவிட்டது. மறுநாள் காகிதங்களில் கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாகவே நடந்தது. தலையில் ஒரு பக்கம் மழித்து, கட்டுப் போட்டு, குழந்தையை வெளியே கொண்டுவந்தார்கள். காயம் ஆறிய பிறகு மெஷினை மாட்டி முதன்முதலாக இயக்குகிற நாள் வந்தது. அறையில் டாக்டர் இருந்தார், கலைமணியும் அவள் கணவன் குமாரும் இருந்தார்கள். குமார் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். குழந்தையின் முகம் கோணியது. கண் அகலமாக விரிந்தது. அடுத்த நொடி அது வாயைப் பிளந்துகொண்டு ஓடிவந்து பாஞ்சாலியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பாஞ்சாலி நிமிர்ந்து பார்த்தாள். அறையில் எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். கலைமணி ஆனந்தத்தில் அழுதாள். மாதுவும் அழுதான். இது எதற்கு அழுகை என்று பாஞ்சாலிக்கு விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

ஆபரேஷன் செய்துவிட்டால் மட்டும் போதாது, கேட்கும் ஓசை எல்லாம் என்ன என்று பிள்ளைக்குப் பழக்க வேண்டும். அதற்குத் தருமபுரியில் ஒரு பயிற்சி மையம். அங்கே ஜாஸ்மின் என்று ஒரு பெண் தெரபி கொடுத்தாள். அப்போதுதான் படித்து முடித்து வேலைக்கு வந்திருந்தாள், நல்ல பெண். ஒவ்வொரு பிள்ளையையும் தன் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொள்வாள். ஒரு அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு பேசுவாள், பிள்ளை உதட்டைப் பார்க்கக் கூடாது, காதால் மட்டும் கேட்க வேண்டும் என்பதற்காக.

பாஞ்சாலி பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இளமதி ஒவ்வொரு தடவையும் திரும்பி அம்மாவிடம் கையால் கேட்பாள், "அவ என்ன சொல்றா?" பாஞ்சாலியின் கை தானாக எழும். ஜாஸ்மின் மெதுவாக எட்டி அந்தக் கையைப் பிடித்து மடியில் வைப்பாள். இது பல தடவை நடந்தது. பிறகு பாஞ்சாலி தானே முந்தானையை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள்.

மாதங்கள் போயின. பிள்ளை வாயைத் திறக்கவில்லை. கையால் மட்டும் ஓயாமல் பேசினாள். ஒருநாள் ஜாஸ்மின் கலைமணியை வரவழைத்தாள்.

"அக்கா, நான் உங்ககிட்டயே நேராச் சொல்லிடறேங்க. புள்ளைக்கு மெஷின்ல நல்லாக் கேக்குது. டெஸ்ட் எல்லாம் நார்மல். ஆனா வூட்டுல யாருங்க பேசறாங்க?"

"டிவி போட்டுத்தான் வெச்சிருக்காங்க" என்றாள் கலைமணி.

"டிவி எல்லாம் பேச்சில்லைங்க. சோறு போடறப்பப் பேசணும், குளிப்பாட்டறப்பப் பேசணும், திட்டணும், கொஞ்சணும். காலையில எந்திரிச்சதுல இருந்து தூங்கற வரைக்கும் காதுல பேச்சு விழுந்துக்கிட்டே இருக்கணும். இந்த ரெண்டு வருஷம் போச்சுன்னா அப்புறம் யாரு நெனைச்சாலும் வராதுங்க."

"அதுக்கு என்னங்க பண்றது? அவங்க ரெண்டு பேருக்கும்தான் பேச வராதே."

ஜாஸ்மின் பாஞ்சாலியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்த வேண்டிய அவசியமே இல்லை. "உங்க வூட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க இல்ல? அங்க விட்டுப் பாருங்க. கொஞ்ச நாளைக்குக் கைஜாடை வேணாங்க. கண்ணுலயே படக் கூடாது."

அன்று சாயங்காலம் கலைமணி இதைத் தம்பிக்கும் தம்பி மனைவிக்கும் சொன்னாள். சொல்லும்போது பாஞ்சாலியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். இளமதி தரையில் உட்கார்ந்து அவர்கள் மூவரின் கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் எங்கே போறேன்?" என்று கேட்டாள். பாஞ்சாலிதான் பதில் சொன்னாள். "அத்தை வீட்டுக்கு. அங்கே அண்ணன், அக்கா இருக்காங்க. விளையாடு." திரும்பி வருவது எப்போது என்று பிள்ளை கேட்டாள். "நாளைக்கு" என்றாள் பாஞ்சாலி.

முதலில் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை பாப்பாரப்பட்டிக்குக் கூட்டி வந்தார்கள். வந்ததும் இளமதி ஒரு வாரத்துப் பேச்சையும் கையால் கொட்டுவாள். அத்தை வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது, ஒரு மீன் செத்துவிட்டது, அக்கா என் கையை அடித்தாள். அடித்தது எதற்கு என்று பாஞ்சாலி கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமை முழுக்கப் பிள்ளை கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறாள், ஒரு வாரம் சொல்லிக் கொடுத்ததெல்லாம் ஒரே நாளில் போய்விடுகிறது என்று கலைமணி வருத்தப்பட்டாள். அதனால் மாதம் ஒருமுறை என்று ஆனது. அப்புறம் பிள்ளையைக் கூட்டி வருவது நின்று, இவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று ஆனது. பாஞ்சாலி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிள்ளைக்கு நல்லது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். தன்னால் கெட்டது என்று ஒரு பேச்சு வரக் கூடாது.

இளமதிக்கு நாலரை வயது ஆகும்போது பேச்சு வந்தது. வந்ததும் மடை திறந்த மாதிரி வந்தது என்று கலைமணி சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். அந்த வாரம் இவர்கள் இருவரும் ஜிலேபி வாங்கிக்கொண்டு தருமபுரிக்குப் போனார்கள். பிள்ளை கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். காதோரம் மெஷின், தலையில் வட்டமாகக் காந்தம், இரட்டைச் சடை. உதடு இரண்டும் ஒட்டிப் பிரிந்தன. விடுதிப் பள்ளியில் வாயசைவு வகுப்பில் பாஞ்சாலி முதலில் கற்றுக்கொண்ட சொல் அதுதான், அதைவிடச் சுலபமாகத் தெரிகிற சொல் கிடையாது. அம்மா. பாஞ்சாலி ஜிலேபிப் பொட்டலத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

பிள்ளை அவளைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் சமையலறை வாசலில் கலைமணி நின்றாள்.

கலைமணிக்கு முகம் செத்துப்போனது. "எம் புள்ளைங்க ரெண்டு பேரும் அம்மான்னு கூப்புடறாங்க இல்ல, அதக் கேட்டு இவளும்... நான் அத்தைன்னுதான் சொல்லிக் குடுக்கறேன் மாது, சத்தியமா" என்று வாயாலேயே சொன்னாள். பதற்றத்தில் கையால் சொல்ல மறந்துவிட்டாள். மாது ஒன்றும் புரியாமல் அக்காவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். பாஞ்சாலி குனிந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, பிள்ளைக்கு ஒரு ஜிலேபி கொடுத்தாள்.

கலைமணியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தன் பிள்ளைகளுக்குச் செய்ததைவிட ஒரு பங்கு அதிகமாகவே செய்தாள். மெஷினில் வியர்வை பட்டால் துடைப்பது, பேட்டரி பார்ப்பது, தெரபிக்கு அலைவது, பள்ளியில் முன் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லிச் சண்டை போடுவது எல்லாம் அவள்தான். இளமதி சாதாரணப் பள்ளியில் சேர்ந்தாள். நன்றாகப் படித்தாள். ஆண்டு விழாவில் மேடையேறிப் பாட்டு ஒப்பித்தாள். கீழே உட்கார்ந்திருந்த பாஞ்சாலி மற்றவர்கள் கை தட்டுவதைப் பார்த்துத் தானும் தட்டினாள்.

பிள்ளையிடம் கைப்பேச்சு தேய்ந்துகொண்டே வந்தது. பூனை போனது, மின்விசிறி போனது. கடைசியில் ‘சாப்பாடு’, ‘வா’, ‘போ’ மட்டும் மிச்சம். அதுவும் யாருக்கும் தெரிகிற கைஜாடைதான். ஒருமுறை பஸ்ஸில் பாஞ்சாலி பிள்ளையிடம் எதையோ சொல்லக் கை எடுத்தபோது இளமதி சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். எதிர் சீட்டில் அவள் வகுப்புப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

மாதுவுக்கும் இதெல்லாம் தெரிந்துதான் இருந்தது. ஒருநாள், "நாமளும் இன்னொரு புள்ள பெத்துக்கலாமா?" என்று கேட்டான்.

"வேண்டாம்" என்றாள் பாஞ்சாலி. "அதையும் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வரணும்."

இளமதிக்கு ஒன்பது வயது நடக்கும்போது எல்லோருமாக ஒகேனக்கல் போவதென்று குமார் ஏற்பாடு செய்தார். அந்தப் பேச்சு எழுந்ததிலிருந்து பாஞ்சாலிக்கு ஒரே நினைப்புதான். மெஷினில் தண்ணீர் படக் கூடாது. அருவியில் குளிக்க வேண்டுமானால் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றிவிட்டால் அந்த நேரத்துக்கு இளமதிக்கு ஒன்றும் கேட்காது. அப்போது அவள் என்னைப் போல. ஊரே ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காமல் கத்திக்கொண்டிருக்கும் இடத்தில் நாங்கள் இருவர் மட்டும் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டாள். என்ன பேசுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். மாதுவிடம் சொல்லவில்லை.

பெண்கள் குளிக்கும் பக்கத்துக்குக் கலைமணியும் பாஞ்சாலியும் இளமதியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கலைமணி மெஷினைக் கழற்றி டப்பாவில் போட்டு, கைப்பைக்குள் வைத்து, அதைக் குமாரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். வந்ததும் தலைக்கு எண்ணெய் தேய்த்திருந்தவள் நேராக அருவிக்கு அடியில் போய் நின்றுகொண்டாள். இளமதி பாறை ஓரமாக, பாஞ்சாலியின் பக்கத்தில் நின்றாள்.

பாஞ்சாலி பிள்ளையின் எதிரில் வந்து குந்தி உட்கார்ந்தாள். விரலால் தன் இடது கன்னத்தைத் தொட்டாள்.

இளமதி அவளையே பார்த்தாள். அவளுக்கு அது தெரியவில்லை. கன்னத்தில் என்னவோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் தன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பயப்படாதே" என்றாள் பாஞ்சாலி மெதுவாக, ஒவ்வொரு கையசைவையும் நிறுத்தி நிறுத்தி. "எனக்கும் இப்படித்தான். எப்பவும் இப்படித்தான். ஒன்றும் ஆகாது. பார், தண்ணீர் எவ்வளவு அழகு."

பிள்ளை அந்தக் கைகளைப் பார்த்தாள், தலையைத் திருப்பினாள், அத்தையைத் தேடினாள். அருவிக்கடியில் நின்ற கூட்டத்தில் கலைமணி எங்கே என்று தெரியவில்லை. சுற்றிலும் வாய்கள் மட்டும் திறந்து திறந்து மூடின. இளமதியின் முகத்தில் திகில் ஏறியது. காதுக்குப் பின்னால் கையை வைத்துத் தடவினாள். அங்கே எதுவும் இல்லை. வாய் பெரிதாகத் திறந்தது. பாஞ்சாலி பதறிப்போய் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிள்ளை திமிறினாள். இரண்டு கையாலும் அம்மாவின் மார்பில் அடித்தாள்.

இரண்டு மூன்று பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி கிட்டே வந்து என்னவோ கேட்டாள். பாஞ்சாலி பிள்ளையை விடாமல் ஒரு கையால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள், என் பிள்ளை என்று. அந்தப் பெண் மறுபடியும் கேட்டாள். பாஞ்சாலி வாயைத் திறந்து சொல்ல முயன்றாள். அப்போது அவள் தொண்டையிலிருந்து என்ன சத்தம் வந்ததோ, அந்தப் பெண் ஒரு அடி பின்வாங்கினாள். பிறகு எட்டி இளமதியின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "யாருமா இது? உங்கம்மா எங்க கண்ணு?" என்று பிள்ளையிடம் கேட்டிருக்க வேண்டும். பிள்ளைக்கும் அது கேட்டிருக்காது. ஆனாலும் இளமதி அருவிப் பக்கம் கையை நீட்டி அழுதாள். உதடுகள் ஒட்டிப் பிரிந்தன, ஒட்டிப் பிரிந்தன.

கலைமணி ஈரத்தோடு ஓடிவந்தாள். "இவங்கதாங்க பெத்தவங்க. காது கேக்காது, பேச வராது. வேற ஒன்னுமில்லைங்க" என்று அந்தப் பெண்களிடம் சொல்லிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். இளமதி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவள் வாயையே கண் எடுக்காமல் பார்த்தாள். கலைமணி உதட்டை மட்டும் அசைத்து என்னவோ சொன்னாள். பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினாள்.

பிறகு மெஷினை மாட்டிக்கொண்டதும் இளமதி பழையபடி ஆகிவிட்டாள். மீன் வறுக்கும் கடை முன்னால் நின்று எந்த மீன் வேண்டும் என்று குமாரோடு வழக்கடித்தாள். பாஞ்சாலியின் கண் சிவந்திருப்பதைப் பார்த்து மாது என்ன என்று கேட்டான்.

"பாப்பாவுக்குத் தண்ணீர் பயம்" என்றாள் பாஞ்சாலி.

அதற்குப் பிறகு தருமபுரிக்குப் போவது குறைந்தது. தீபாவளி, பொங்கல், பிள்ளையின் பிறந்தநாள். போனால் இளமதி செல்போனில் எழுதிக் காட்டுவாள். பாஞ்சாலிக்குத் தமிழ் எழுத வரும். ஆனால் அவள் எழுதுவது காதால் தமிழ் கேட்டவர்கள் எழுதுகிற மாதிரி இருக்காது. சொற்கள் இடம் மாறி நிற்கும். இளமதி அதைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் இருக்கப் பார்ப்பாள். நல்ல பிள்ளைதான், மரியாதை தெரிந்தவள். பாஞ்சாலியைத் தன் போனில் ‘பாஞ்சாலி அம்மா’ என்று பதிந்து வைத்திருந்தாள்.

போன வருஷம் இளமதி வயதுக்கு வந்தாள். கலைமணி தன் வீட்டு மாடியில் பந்தல் போட்டுச் சடங்கு வைத்தாள். கடத்தூரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தார்கள். பாஞ்சாலி தன் கையாலேயே தைத்த பட்டு ஜாக்கெட்டைக் கொண்டுபோயிருந்தாள். அளவு சரியாக இல்லை. அதற்கு முந்தின பொங்கலுக்குப் பார்த்த பிள்ளை அதற்குள் வளர்ந்துவிட்டாள். கடையில் வாங்கியதைப் போட்டு உட்கார வைத்திருந்தார்கள்.

விசேஷத்துக்கு ஜாஸ்மினும் வந்திருந்தாள். இப்போது அவளுக்குக் கண்ணாடி, லேசான இளநரை. இளமதி அவள் கையில் தேறிய முதல் பிள்ளைகளில் ஒருத்தி. பரிசைக் கொடுத்துவிட்டு அவள் நேராகப் பாஞ்சாலியின் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்து, கையைத் தூக்கினாள். கையால் பேசினாள். மெதுவாக, குழந்தை எழுத்துக் கூட்டுவதைப் போல, நிறையத் தப்போடு.

"நான் புதுசா... படிக்கிறேன். இப்போ சொல்றாங்க... ரெண்டும் சேர்த்துக் கொடுக்கலாம். கை... வாய்... ரெண்டும். புள்ளைக்குக் கெடுதல் இல்லை. அப்போ... எனக்குத் தெரியாது. எனக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தாங்க."

பாஞ்சாலி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கையைப் பிடித்து மடியில் வைத்த கைகள் அவை. ஜாஸ்மினின் கண் கலங்கியிருந்தது. பாஞ்சாலிக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்தாலும் இனி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

ஜாஸ்மின் தலையாட்டினாள். பிறகு, "இன்னும்கூட... கத்துக்கலாம். அவகிட்ட... கேளுங்க" என்றாள்.

பந்தலில் கூட்டம் குறைந்த நேரத்தில் பாஞ்சாலி அறைக்குள் போனாள். இளமதி நகைகளோடு கட்டிலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். பாஞ்சாலி பக்கத்தில் உட்கார்ந்தாள். தனக்கு இது நடந்தபோது விடுதியில் ஒரு மூலையில் சாகப் போகிறோம் என்று நினைத்து ஒளிந்துகொண்டதும், பெரிய வகுப்பு அக்கா ஒருத்தி தேடிவந்து எதிரில் உட்கார்ந்து கையாலேயே எல்லாவற்றையும் விளக்கியதும் அவளுக்கு நினைவிருந்தது. அதை மகளுக்குச் சொல்ல வேண்டும் என்று ஆசை. கையைத் தூக்கி, நான், உனக்கு, சொல்லித்தர, என்று ஆரம்பித்தாள். இளமதி பொறுமையாகப் பார்த்தாள். புரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனை நீட்டினாள்.

பாஞ்சாலி எழுதினாள்: "நீ பயம் இரத்தம் பார்த்து?"

இளமதி படித்தாள். கட்டைவிரல்கள் வேகமாக ஓடின. "பயமெல்லாம் இல்ல. அம்மா முன்னாடியே எல்லாம் சொல்லிட்டாங்க."

பாஞ்சாலி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு எழுதினாள்: "கை பேச்சு நான் சொல்லி தரும். நீ கற்று?"

மகள் கொஞ்சம் யோசித்தாள். "இப்ப ஸ்கூல்ல நிறைய படிக்கணும். லீவுல பாக்கலாம்" என்று எழுதினாள். எழுதிவிட்டு, மனது கேட்காமல், ஒரு சிரிக்கும் பொம்மை முகத்தையும் சேர்த்தாள்.

வெளியிலிருந்து யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். இளமதி சட்டென்று தலையைத் திருப்பி, வாயைத் திறந்து பதில் சொன்னாள். நகைகள் அசைய எழுந்து, படம் எடுத்துக்கொள்ளப் போனாள். கதவருகில் நின்று திரும்பிப் பார்த்து, வா என்று கை காட்டினாள். பாஞ்சாலி போனாள். புகைப்படக்காரர் கலைமணியையும் குமாரையும் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் நிறுத்தினார். கலைமணிதான் நகர்ந்து பாஞ்சாலியை இழுத்துத் தன் இடத்தில் நிற்க வைத்தாள். படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். புகைப்படக்காரர் சொன்னது பாஞ்சாலிக்குக் கேட்கவில்லை, அதனால் அவள் மட்டும் மகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சாப்பிட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது மாது கேட்டான். "உள்ளே போய் என்ன பேசினீங்க ரெண்டு பேரும்?"

"லீவுல கத்துக்கறேன்னு சொன்னா."

"கத்துக்குவாளா?"

பாஞ்சாலி நடந்துகொண்டே இருந்தாள். கையில் அளவு சரியில்லாத ஜாக்கெட் பை இருந்தது. அதை இடுக்கிக்கொண்டு, "மாட்டா" என்றாள்.

பாப்பாரப்பட்டி பஸ் நின்றுகொண்டிருந்தது. உட்கார இடம் கிடைத்தது.